கடற்பறவைகளின் உடலில் தங்கும் நஞ்சு எப்போது வேலை செய்கிறது?

கேள்வி இது: “கடற்பறவைகளின் உடலில் டிடிடி, பிசிபி எல்லாம் இருப்பதாக ஆய்வுகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஆனால் இதனால்தான் செத்தது என்று எந்தப் பறவையையும் யாரும் காட்டுவதில்லை. பாதிப்பு நிஜந்தானா? தடைசெய்து இத்தனை காலம் ஆன பிறகும் இதைப் பேச வேண்டுமா? எப்படி அளக்கிறார்கள்?”

பாதிப்பு நிஜம். செத்த பறவைகளை எண்ணி அதைக் கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் சிக்கல். டிடிடி ஒரு பூச்சிக்கொல்லி; பிசிபி மின்மாற்றி எண்ணெய் போன்றவற்றில் பயன்பட்ட தொழில் வேதிப்பொருள். இந்த வேதிப்பொருள்களில் பெரும்பாலானவை பறவையின் கொழுப்பில் அடங்கிக் கிடக்கும். முட்டைக்கு ஓடு ஏறும் சில மணி நேரம், கரு வளரும் சில வாரங்கள், இரை கிடைக்காமல் உடல் தன் கொழுப்பைத் தானே கரைக்கும் நாட்கள் ஆகிய மூன்று கட்டங்களில் அவை வெளிப்பட்டு வேலை செய்கின்றன. ஆகவே உடலில் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் கேட்டால் பாதி விடைதான் கிடைக்கும். எந்த உறுப்பில், எந்தக் கட்டத்தில், எந்த இனத்தில் என்றும் கேட்க வேண்டும்.

முதலில், ஏன் கடற்பறவைக்கு இவ்வளவு சேர்கிறது? டிடிடி உடைந்து வரும் டிடிஈ, பிசிபி போன்றவை நீரில் கரையாது, கொழுப்பில் கரையும். மிதவை உயிர்களில் ஒட்டி, அவற்றைத் தின்னும் சிறு மீனுக்கும், அதைத் தின்னும் பெரிய மீனுக்கும் போய், ஒவ்வொரு படியிலும் செறிவு கூடும். நியூயார்க்கின் லாங் ஐலண்டு கழிமுகத்தில் 1967-ல் வெளியான ஆய்வில் மிதவை உயிர்களில் டிடிடி வகைகள் 0.04 பிபிஎம் (பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு) இருந்தன. அங்கிருந்த ஒரு கடற்காகத்தில் ஏறக்குறைய 75 பிபிஎம். உணவுச் சங்கிலியின் உச்சியில் இருப்பது ஒரு காரணம். இன்னொன்று ஈரலின் வேலை. பாலூட்டிகளோடு ஒப்பிட்டால் மீனுண்ணும் கடற்பறவைகளின் ஈரலில் இத்தகைய மூலக்கூறுகளை உடைக்கும் நொதிகளின் வேகம் குறைவு. பிசிபியில் 209 வகைகள் உண்டு. அவற்றில் 153 என்ற எண்ணுள்ளது போல, நொதி பிடித்துக்கொள்ள இடம் தராதபடி குளோரின் அணுக்கள் அமைந்தவை ஆண்டுக்கணக்கில் அப்படியே தங்கும். தாய்ப்பறவைக்கு இவற்றை வெளியேற்ற இருக்கும் பெரிய வழி முட்டை. ஆண்டுக்கு ஒரே முட்டை இடும் அல்பட்ராஸ் போன்ற இனத்துக்கு அந்த வழியும் குறுகலானது. தவிர அது பல பத்தாண்டுகள் வாழ்கிறது.

ஓடு மெலிதல் பற்றித்தான் நமக்கு மிகத் தெளிவான சான்று இருக்கிறது. கலிஃபோர்னியாவின் அனகாப்பா தீவில் பழுப்புக் கூழைக்கடாக்கள் 1970-ல் 552 கூடுகள் வைத்து முயன்றன. அவ்வளவிலும் பிழைத்துப் பறந்தது ஒரே ஒரு குஞ்சு. கூழைக்கடா தன் சவ்வுக் கால்களை முட்டைமேல் வைத்து அடைகாக்கும் பறவை. உடல் எடை நேராக ஓட்டின்மேல் விழும். ஓடு சற்றே மெலிந்தாலும் வேறு பறவையின் கூட்டில் தப்பிவிடக்கூடிய முட்டை இங்கே நொறுங்கும். டாரன்ஸ் நகரில் 1947 முதல் டிடிடி தயாரித்த மான்ட்ரோஸ் கெமிக்கல் நிறுவனத்தின் கழிவு, லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரச் சாக்கடைக் குழாய்கள் வழியே பாலோஸ் வெர்டெஸ் கடலடித் திட்டுக்குப் போனது. 1950-களின் பிற்பகுதியிலிருந்து 1970-களின் தொடக்கம்வரை அப்படிப் போன டிடிடி சுமார் 1,700 டன் என்பது மதிப்பீடு. அந்தக் கடலின் நெத்திலிதான் கூழைக்கடாவின் முக்கிய இரை. சாக்கடை வழிக் கழிவு நின்று நெத்திலியில் அளவு இறங்கியதும், 1974-க்குள்ளேயே அனகாப்பாவில் குஞ்சுகள் கணிசமாகப் பொரிக்கத் தொடங்கின. காரணமும் விளைவும் இவ்வளவு நேராகத் தெரிந்த இன்னொரு நிகழ்வைக் கடற்பறவை ஆய்வில் காண்பது அரிது. அமெரிக்காவின் அழிநிலைப் பட்டியலில் 1970-ல் ஏறிய இந்தப் பறவை 2009-ல் முழுமையாக நீக்கப்பட்டது.

ஓடு எப்படி மெலிகிறது? பறவை தன் ஓட்டுச் சுரப்பியில் முட்டையைச் சுமார் 20 மணி நேரம் வைத்திருந்து, இரத்தத்திலிருந்து கால்சியத்தை எடுத்துக் கால்சியம் கார்பனேட்டாகப் படியவைக்கும். அந்தச் சுரப்பியின் உட்சவ்வில் உருவாகும் புராஸ்டகிளாண்டின் என்னும் வேதித்தூது, கால்சியமும் பைகார்பனேட்டும் ஓட்டுக்குப் போய்ச் சேரத் தேவை. டிடிஈ அதன் உற்பத்தியைத் தடுக்கிறது. தாயின் இரத்தத்தில் கால்சியம் இயல்பாகவே இருக்கும்; எலும்பிலும் குறை தெரியாது; போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகாது, அவ்வளவுதான். அதனால் தாய்ப்பறவையைப் பிடித்துப் பரிசோதித்தால் நோயின் அடையாளம் எதுவும் தென்படாது.

இனத்துக்கு இனம் உள்ள வேறுபாட்டைப் பலரும் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். பழுப்புக் கூழைக்கடாவின் முட்டையில் டிடிஈ ஈரஎடையில் (உலர்த்தாத நிலையின் எடையில்) 3 பிபிஎம்-ஐ எட்டினாலே இனப்பெருக்கம் வெகுவாகச் சரிகிறது, 3.7-ஐத் தாண்டினால் ஏறத்தாழ முற்றிலும் தோல்வி. கடற்காகங்களோ இதைவிடப் பல மடங்கு அளவையும் தாங்கி ஓரளவு நல்ல ஓடு இடும். கோழியில் டிடிஈ கொடுத்துச் சோதித்தால் ஓடு பெரிதாக மெலியாது. குப்பை எரிப்பு போன்றவற்றில் உண்டாகும் டையாக்சின் என்ற நஞ்சிலும், அதைப் போல வேலை செய்யும் பிசிபிகளிலும் நிலைமை தலைகீழ். இவை உயிரணுவில் ஏஎச்ஆர் என்ற ஏற்பியில் ஒட்டி வேலை செய்கின்றன. அந்த ஏற்பிப் புரதத்தில் 324, 380 ஆகிய இரு இடங்களில் உள்ள அமினோ அமிலங்கள் எவை என்பதைப் பொறுத்து உணர்திறன் மாறும். கோழி மிக எளிதில் பாதிக்கப்படும் வகை. ஆலாவும் கடற்காகமும் மிகக் குறைவாகப் பாதிக்கப்படும் வகை. ஆகவே கோழிக் கருவில் கிடைத்த அபாய அளவை அப்படியே எடுத்து ஆலா முட்டைக்குப் பொருத்தினால், டையாக்சின் விஷயத்தில் ஆபத்தை மிகைப்படுத்துவோம். டிடிஈ விஷயத்தில் குறைத்துவிடுவோம். அறிக்கைகளில் ‘பறவைகளுக்கான பாதுகாப்பான அளவு’ என்று ஒரே எண்ணைப் பார்த்தால், அது எந்த இனத்தில், எந்தப் பொருளுக்கு எடுத்தது என்று தேடிப் பார்க்காமல் நம்பாதீர்கள்.

டிடிடியின் இன்னொரு வேலை ஹார்மோன் சார்ந்தது. தெற்குக் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பரா தீவில் மேற்குக் கடற்காகங்களில் இரு பெண் பறவைகள் சேர்ந்து கூடு வைத்திருப்பது 1977-ல் வெளியானது. வழக்கமாக மூன்று முட்டை இருக்க வேண்டிய கூட்டில் நான்கு முதல் ஆறு முட்டைகள் இருந்தன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை கருவுறாதவை. 1981-ல், அந்தக் காலத்து மாசுபட்ட முட்டைகளில் இருந்த அளவு டிடிடியைக் கடற்காக முட்டைகளில் செலுத்தியபோது ஆண் கருக்களில் சினைப்பைத் திசு வளர்ந்தது. அப்படிப் பிறந்த ஆண்கள் இனப்பெருக்கத்துக்கு வராததால் பெண்கள் தம்முள் இணை சேர்ந்தன என்ற விளக்கம் பொருத்தமானதுதான். ஆனால் இயற்கைச் சூழலில் அதைக் கடைசிக் கண்ணிவரை யாரும் நிரூபிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அடுத்தது பட்டினி. 1969 இலையுதிர் காலத்தில் அயர்லாந்துக் கடலின் கரைகளில் 12,000-க்கும் மேற்பட்ட கடற்பறவைகள் செத்து ஒதுங்கின, பெரும்பாலும் மூழ்கி மீன் பிடிக்கும் கில்லிமாட் என்ற பறவைகள். எண்ணெய்க் கசிவு இல்லை. செத்தவை கொழுப்பே இல்லாமல் மெலிந்திருந்தன; பலவற்றின் ஈரலில் பிசிபி மிக அதிகம். அப்படியானால் பிசிபி கொன்றதா, பட்டினி கொன்றதா? கொழுப்பு கரையும்போது அதில் இருந்த பிசிபி முழுவதும் இரத்தத்தில் இறங்கி, மிச்சமிருக்கும் கொழுப்புள்ள இடங்களான ஈரலுக்கும் மூளைக்கும் போகும். உடலில் மொத்த அளவு ஒரு துளிகூடக் கூடாமலே ஈரலில் செறிவு பல மடங்காகும். எனவே மெலிந்த பறவையின் ஈரல் எண்ணைக் கொழுத்த பறவையின் ஈரல் எண்ணோடு ஒப்பிட்டு ‘செத்தவற்றில் நஞ்சு அதிகம்’ என்று எழுதுவது தவறு. அதே நேரம், ‘பட்டினிதான் காரணம், பிசிபிக்குத் தொடர்பில்லை’ என்று தள்ளிவிடுவதும் தவறு. சிறகு உதிர்த்துப் பறக்க முடியாத பருவத்தில், கடல் கொந்தளிப்பில் இரை கிடைக்காமல் போன பறவைக்கு, தாங்க வேண்டிய நேரத்தில் கூடுதல் சுமையாக அது இறங்குகிறது. எந்த அளவு பங்கு என்று 1969-க்குப் பிணங்களை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

உயிரோடு இருக்கும் பறவைகளைப் பின்தொடர்ந்தால்தான் பிரிக்க முடியும். நார்வேயின் பியோர்ன்யோயா தீவில் பெரிய வெளிர் கடற்காகங்களை அப்படிப் பின்தொடர்ந்தார்கள். இவை மற்றக் கடற்பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்பவை. தொழிற்சாலையே இல்லாத அந்தத் தீவில், காற்றும் நீரோட்டமும் கொண்டுவந்த பிசிபி, டிடிஈ, குளோர்டேன் என்ற பூச்சிக்கொல்லி எல்லாம் இவற்றில் குவிகின்றன. இரத்தத்தில் அளவு கூடிய பறவைகளில் தைராய்டு ஹார்மோன் சமநிலை மாறியிருந்தது, குடலில் உருளைப்புழுக்கள் அதிகம் இருந்தன, இறகு வளர்ச்சியில் இடவலச் சமச்சீர் குறைந்தது, அடைகாக்கும்போது கூட்டை விட்டு வெளியே இருந்த நேரம் கூடியது, மறு ஆண்டு திரும்பி வந்தவை குறைந்தன. இவற்றில் எதுவும் பறவையை அன்றே கொல்லாது. ஆனால் அங்கே கூட்டை விட்டுச் சிறிது நேரம் போனாலும் முட்டை குளிரும், அல்லது அடுத்த கூட்டுக்காரன் எடுத்துத் தின்பான். என் மதிப்பில் ஹார்மோன் மாற்றத்தைவிட இந்த நடத்தை மாற்றந்தான் முக்கியம். அதுதான் குஞ்சு எண்ணிக்கையை நேரடியாகக் குறைக்கிறது.

நடத்தையையும் கருவையும் தனித்தனியாகச் சோதிக்க அழகான ஒரு முறை 1970-களில் வட அமெரிக்காவின் பேரேரிகளில் பயன்பட்டது. ஒன்டாரியோ ஏரியின் கடற்காக முட்டைகளையும் மாசு குறைந்த கரையோரக் குடியிருப்பின் முட்டைகளையும் கூடு மாற்றி வைத்தார்கள். மாசுபட்ட முட்டை நல்ல பெற்றோரிடம் பொரிக்காவிட்டால் கோளாறு முட்டைக்குள். நல்ல முட்டை மாசுபட்ட பெற்றோரிடம் பொரிக்காவிட்டால் கோளாறு அடைகாப்பில். இரண்டுமே இருந்தன.

தடைக்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதற்கு வருகிறேன். இத்தகைய நீடித்து நிற்கும் நஞ்சுகளைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 2001-ல் ஏற்கப்பட்டு 2004-ல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2006-ல் இணைந்தது. பழைய பொருள்கள் பல இடங்களில் உண்மையிலேயே குறைந்துள்ளன. சுவீடனின் ஸ்டோரா கார்ல்ஸோ தீவில் 1960-களின் இறுதியிலிருந்து கில்லிமாட் முட்டைகளைச் சேகரித்து உறையவைத்து வருகிறார்கள். அந்தத் தொடரில் டிடிடியும் பிசிபியும் இறங்கிக்கொண்டே வந்தன. ஆனால் அதே முட்டைகளில் பிஎஃப்ஓஎஸ் என்ற ஃபுளோரின் சேர்மம் 1968-ல் கிராமுக்கு 25 நானோகிராமாக இருந்தது, 1997-ல் 1,324 ஆக ஏறி, 2003-ல் 614-ல் நின்றது. இது கொழுப்பில் சேர்வதில்லை. புரதத்தோடு ஒட்டி இரத்தத்திலும் ஈரலிலும் முட்டையின் மஞ்சட்கருவிலும் தங்கும். ஆகவே கொழுப்பை மட்டும் எடுத்துப் பார்த்த பழைய ஆய்வகங்களுக்கு இது தெரியவே வழியில்லை. பிஎஃப்ஓஎஸ் 2009-லும் அதே குடும்பத்துச் சேர்மமான பிஎஃப்ஓஏ 2019-லும் உடன்படிக்கைப் பட்டியலில் ஏறின. காட்டுப் பறவைகளில் இவற்றின் தீங்குக்குக் கிடைத்திருக்கும் சான்று பெரும்பாலும் ஒட்டுறவு (இரண்டும் சேர்ந்து காணப்படுவது) அளவில்தான். டிடிஈக்கு இருப்பதுபோல் கூடு நொறுங்கும் அளவு நேரடிச் சான்று இல்லை.

நஞ்சு பிளாஸ்டிக் வழியாகவும் வருகிறது. பிளாஸ்டிக்கோடு சேர்த்துக் கலக்கும் தீத்தடுப்பான்களும் புற ஊதாக்கதிர்த் தடுப்பான்களும், ஷியர்வாட்டர் போன்ற கடற்பறவைகளின் வயிற்றில் இரையிலிருந்து சேரும் எண்ணெயில் கரைந்து உடலுக்குள் போகின்றன. கடற்பறவையின் வயிற்று எண்ணெய் இதற்குத் தண்ணீரைவிட மிகச் சிறந்த கரைப்பான் என்பதால், கடல்நீரில் பிளாஸ்டிக்கை ஊறவைத்துச் செய்யும் கசிவுச் சோதனைகள் ஆபத்தைக் குறைத்தே காட்டும். வட பசிபிக்கில் வலையில் சிக்கிய 12 குட்டைவால் ஷியர்வாட்டர்களைச் சோதித்து 2013-ல் வெளியிட்டபோது, மூன்றின் கொழுப்பில் இருந்த அதிக புரோமின் கொண்ட தீத்தடுப்பான்கள் அவற்றின் இரை மீனில் இல்லை. வயிற்றில் இருந்த பிளாஸ்டிக்கில் இருந்தன. ஜப்பானின் அவாஷிமா தீவில் ஷியர்வாட்டர் குஞ்சுகளுக்கு ஐந்து சேர்மங்கள் கலந்த பாலிஎத்திலீன் மணிகளைக் கொடுத்து நடத்திய ஆய்வு 2020-ல் அதை உறுதிசெய்தது. அந்தச் சேர்மங்களில் ஒன்றான யூவி-328, 2023-ல் உடன்படிக்கைப் பட்டியலில் சேர்ந்தது.

நம் கரைக்கும் இந்தக் கதையில் உண்மையான இடம் உண்டு. வெள்ளாற்றுப் படுகை வயல்களில் தெளித்த எச்சிஎச் பூச்சிக்கொல்லி எங்கே போகிறது என்று 1990-களின் தொடக்கத்தில் கணக்கிட்டபோது, 99 விழுக்காட்டுக்கும் மேல் காற்றில் ஆவியாகிப் போனது தெரிந்தது. கழிமுகத்துக்கு வந்தது மிகச் சொற்பம். வெயிலில் ஆவியானது குளிர்ந்த கடல்களில் படிகிறது. ஆர்க்டிக்கில் எச்சிஎச் இருப்பதற்கு வெப்பநாட்டு வயல்கள் ஒரு காரணம். தென்னிந்தியப் பறவைகளைப் பற்றி 1998-ல் வந்த ஆய்விலும், இங்கேயே தங்கும் பறவைகளில் எச்சிஎச் ஓங்கியிருந்தது. இந்தியாவில் எச்சிஎச் கலவை 1997-ல் தடைசெய்யப்பட்டது. டிடிடி வேளாண்மையிலிருந்து விலக்கப்பட்ட பின்னும் கொசு, மணல் ஈ ஒழிப்புக்குத் தொடர்ந்தது. ஆதலால் நம் கடற்பறவைகளில் டிடிடி எண்ணைப் பார்க்கும்போது, டிடிடிக்கும் டிடிஈக்கும் உள்ள விகிதத்தைக் கேளுங்கள். சிதையாத டிடிடி அதிகம் என்றால் புதிதாகக் கலந்தது. டிடிஈ மட்டும் மிகுந்திருந்தால் பழைய எச்சம்.

இனி அளக்கும் முறை. பறவையைக் கொல்லத் தேவையில்லை, முட்டை போதும். அதற்கும் வனத்துறை அனுமதி வேண்டும். பொரிக்காமல் கைவிடப்பட்டதானாலும் அனுமதி இல்லாமல் எடுக்கக் கூடாது. ஒரு கூட்டில் ஒரே முட்டை எடுங்கள், எல்லாக் கூட்டிலும் ஒரே வரிசை எண்ணாக இருக்கட்டும். மூன்று முட்டை இடும் கடற்காகத்தில் முதல் முட்டைக்கும் மூன்றாவதற்கும் அளவு மாறும். நீளம், அகலம் இரண்டையும் காலிப்பரால் 0.1 மில்லிமீட்டர் துல்லியத்தில் எடுத்து, எடை போட்டு, நடுவாட்டில் வெட்டி உள்ளிருப்பதைக் குப்பியில் சேர்க்க வேண்டும். டிடிடி, பிசிபி பார்க்க ஹெக்சேனில் அலசிய கண்ணாடிக் குப்பி; பிளாஸ்டிக் கூடாது. பிஎஃப்ஓஎஸ் பார்க்க நேர்மாறு: பாலிபுரொப்பிலீன் குப்பி, டெஃப்லான் பூசிய மூடி கூடவே கூடாது, ஃபுளோரின் அதிலிருந்தே கலந்துவிடும். களத்தில் நீர் ஒட்டாத மேற்சட்டை அணிந்தவர் மாதிரியைத் தொட்டாலும் இதே கோளாறு. உறைவெப்பம் மைனஸ் 20 டிகிரி.

ஓட்டை உள்ளே மெல்லக் கழுவி, அறை வெப்பத்தில் சில வாரம் முழுதாக உலரவிட்டு, நடுவாட்டில் குறைந்தது மூன்று இடங்களில் மைக்ரோமீட்டரால் தடிப்பை அளக்கவும். உட்சவ்வோடு அளந்தீர்களா, இல்லாமலா என்று எழுதாமல் விட்டால் அந்த எண் யாருக்கும் பயன்படாது. முட்டையை வெட்டாமல் ஊதி வெறுமையாக்கிய அருங்காட்சியகத் தொகுப்புகளுக்கு வேறு வழி: ஓட்டின் எடையை மில்லிகிராமில் எடுத்து, நீளத்தையும் அகலத்தையும் மில்லிமீட்டரில் பெருக்கி வருவதால் வகுக்கலாம். டெரெக் ராட்கிளிஃப் 1967-ல் இந்தக் குறியீட்டை வைத்துத்தான் பிரிட்டனின் வல்லூறு முட்டைகள் 1947-ஐ ஒட்டித் திடீரென மெலிந்ததைக் காட்டினார். டிடிடிக்கு முந்தைய தொகுப்போடு ஒப்பிட்டு 15 முதல் 20 விழுக்காடு மெலிவு தொடர்ந்து இருந்தால் எண்ணிக்கை சரியத் தொடங்கும் என்பது பல இனங்களில் கண்டது.

பொரிக்காத முட்டையில் அடிக்கடி நேரும் பிழை, நீர் வற்றியதைக் கணக்கில் எடுக்காதது. வெயிலில் கிடந்த முட்டையில் நீர் குறைய, அதே அளவு நஞ்சு கூடுதல் பிபிஎம்-ஆகத் தெரியும். கன அளவைக் கண்டு திருத்தலாம்: 0.51 × நீளம் × அகலத்தின் வர்க்கம், சென்டிமீட்டரில். 7.0 நீளம், 4.9 அகலம் என்றால் சுமார் 86 கன சென்டிமீட்டர். புதிய முட்டையில் உள்ளிருப்பது தோராயமாக அத்தனை கிராம். இப்போது 60 கிராம்தான் இருக்கிறது, டிடிஈ 5 பிபிஎம் என்றால், உண்மையான அளவு 5 × 60 ÷ 86, அதாவது சுமார் 3.5. கூழைக்கடாவாக இருந்தால், முற்றிலும் தோல்வி என்பதற்கும் அதற்குச் சற்றுக் கீழே என்பதற்கும் உள்ள வேறுபாடு இந்த ஒரு திருத்தத்தில் அடங்கிவிடும்.

ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடும்போது இரை மாறியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மீன் குறைந்து பறவை குப்பைமேட்டுக்குப் போயிருந்தால், கடல் சுத்தமாகாமலே முட்டையில் அளவு இறங்கும். அதே மாதிரியில் நைட்ரஜன்-15 (நைட்ரஜனின் கனமான வகை) விகிதத்தை எடுத்தால் தெரியும். உணவுச் சங்கிலியில் ஒரு படிக்கு அது ஆயிரத்தில் 3 முதல் 4 பங்கு வரை ஏறும். வட அமெரிக்கப் பேரேரிகளில் 1974-லிருந்து நடக்கும் கடற்காக முட்டைக் கண்காணிப்பில் இறக்கத்தின் ஒரு பகுதி இரை மாற்றத்தால் வந்தது என்பது அப்படித்தான் தெரிந்தது.

ஆதாம் பால மணல்திட்டுகளிலோ லட்சத்தீவின் பிட்டித் தீவிலோ ஆலா முட்டைகளை இப்படிச் சேகரிக்க முன்வருபவர்கள், ஒவ்வொரு முட்டையின் உள்ளடக்கத்தையும் முதலிலேயே இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைத் திறக்காமல் உறையவைத்துவிடுங்கள். ஸ்டோரா கார்ல்ஸோவில் 1968-ஆம் ஆண்டு முட்டையில் பிஎஃப்ஓஎஸ் பார்க்க முடிந்தது, அந்த முட்டை ஆய்வகத்தில் முழுதும் தீர்ந்துபோகாமல் இருந்ததால்தான். குப்பியின்மேல் இனம், கூடு எண், முட்டை வரிசை, எடுத்த நாள், அப்போதைய எடை, குப்பி என்ன பொருளால் ஆனது என்பதைப் பென்சிலால் எழுதி ஒட்டவும். பேனா மை ஹெக்சேனில் அழிந்துவிடும்.